போரும் இரும்பும்: பட்டறைக்கு வந்த கேள்விகள்

ராணிப்பேட்டை முத்துக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் எனக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது. கேட், கிரில், ஷெட், மாடிப்படி செய்கிறோம். ஆர்டர் வந்தால் ஆலைகளுக்குத் தகட்டு வேலையும் உண்டு. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து, விலை கேட்க வருகிறவர்கள் போரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை. பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், பழைய இரும்புக் கடைக்காரர்கள் வேறு மாதிரி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நம் பழைய வடஆர்க்காட்டில் பஞ்சமே இல்லை. அவர்கள் கேட்பது இன்னொரு மாதிரி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

போர் எங்கோ நடக்கிறது. வாலாஜாபேட்டையில் இரும்பு விலை ஏன் ஏறுகிறது?

2022 மார்ச்சில் வாலாஜாபேட்டைக்காரர் ஒருவருக்கு மொட்டைமாடி ஷெட்டுக்கு விலை எழுதிக் கொடுத்தேன். மைத்துனரைக் கலந்துகொண்டு வருகிறேன் என்று போனவர் ஐந்தாம் நாள் அட்வான்ஸோடு வந்தார். அதற்குள் குழாயும் ஆங்கிளும் இரண்டு முறை ஏறியிருந்தன. "உங்கள் பட்டறைக்கும் ரஷ்யாக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. ரஷ்யா, உக்ரைன் இரண்டுமே எஃகை ஏற்றுமதி செய்கிற நாடுகள். அவற்றிடம் வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள் வேறு கடை தேடினார்கள். இந்தியச் சரக்குக்குக் கிராக்கி கூடியது. வெளியே நல்ல விலை கிடைக்கும்போது உள்ளூர்க்காரனுக்கு யார் மலிவாகக் கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, நம் பெரிய ஆலைகளின் உலைக்கு வேண்டிய கோக் கரியைச் சுடுவதற்கான நிலக்கரி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அது அந்த மார்ச்சில் டன் 600 டாலரைத் தாண்டியது. தகட்டுச் சுருளான ஹெச்.ஆர். காயில் இங்கே டன் 70,000 ரூபாய்க்கு மேலே போனது.

மத்திய அரசு 2022 மே 22 முதல் பலவகை எஃகுக்கு 15 சதவீதமும் இரும்புத் தாதுக்கு 50 சதவீதமும் ஏற்றுமதி வரி போட்டது. உள்ளூர் விலை இறங்கியது, ஆலைகள் முணுமுணுத்தன, நவம்பர் 19இல் எஃகு மீதான வரியை எடுத்துவிட்டார்கள். அந்த ஷெட்டைப் பழைய விலைக்கும் புதிய விலைக்கும் நடுவில் ஒரு தொகை பேசி முடித்துக் கொடுத்தேன். கையில் ஒன்றும் நிற்கவில்லை.

எவர்சில்வருக்கும் அதே கதைதானா?

அது இன்னும் கூத்து. எவர்சில்வரில் சேர்கிற நிக்கலில் ரஷ்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ரஷ்ய நிக்கல் வராமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த ஒரு பெரிய சீன உற்பத்தியாளர் மாட்டிக்கொண்டது மறுபக்கம். 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தை வியாபாரத்தை நிறுத்தி, அன்றைய பேரங்களையே ரத்து செய்துவிட்டது. சந்தைப்பேட்டையில் இப்படிச் செய்தால் தராசைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

போர் வந்தால் ஒரு நாட்டின் இரும்பாலைக்கு விழுகிற முதல் அடி எது? குண்டா?

குண்டு பெரும்பாலும் கடைசியில்தான். அதற்கு வெகு முன்பே ஆலை மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும்.

தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு எடுக்க ஏறக்குறைய 1.4 டன் தாது, முக்கால் டன் நிலக்கரி, கால் டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஒரு டன் வெளியே போக இரண்டு டன்னுக்கு மேல் உள்ளே வர வேண்டும் என்று கணக்கு. ஆகவே இரும்பாலை என்றால் பாதி ரயில்வே. தண்டவாளம் அறுந்தால், துறைமுகம் அடைபட்டால், மின்சாரம் போனால், தண்ணீர் வற்றினால், ஒரு செங்கல்கூட உடையாமலே ஆலை நின்றுவிடும்.

உக்ரைனில் இவை அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் சரக்கை ரயிலில் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் திருப்பினார்கள். உக்ரைன் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், போலந்தில் 1,435. எல்லையில் சரக்கை மாற்ற வேண்டும், அல்லது வண்டியின் சக்கரச் சட்டத்தை மாற்ற வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து மின்நிலையங்கள் மீது ஏவுகணைகள் விழுந்தன. 2023 ஜூன் 6இல் ககோவ்கா அணை உடைந்ததும் கிரிவி ரிக் நகரத்து எஃகாலை தண்ணீரை மிச்சப்படுத்த எஃகு உருக்குவதையே நிறுத்தி வைத்தது. கோக் கரிக்கு ஏற்ற நிலக்கரி தந்துகொண்டிருந்த பொக்ரோவ்ஸ்க் சுரங்கம் 2025 தொடக்கத்தில் நின்றது. போர்முனை அதன் வாசலுக்கே வந்துவிட்டது.

2021இல் 2.14 கோடி டன் எஃகு செய்த நாடு 2022இல் 63 லட்சம் டன்தான் செய்தது. 2024இல் ஏறக்குறைய 76 லட்சம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கதையும் இதுவே. 1944 ஜூனில் யவாட்டா இரும்பாலை மீது குண்டு போடப் பறந்த அமெரிக்க விமானங்களின் தளம் நம் கரக்பூரைச் சுற்றித்தான் இருந்தது. சீனாவின் செங்டூ வழியாகப் போனார்கள். அன்று ஆலைக்குப் பெரிய சேதமில்லை. ஜப்பானிய எஃகின் கழுத்தை நெரித்தது சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் தாதும் கரியும் கொண்டுவந்த கப்பல்கள் மூழ்கியதுதான்.

உலையை அணைத்து வைத்துவிட்டு, சண்டை முடிந்ததும் பற்றவைத்துக்கொள்ளக் கூடாதா?

வெல்டிங் மெஷின் மாதிரி சுவிட்ச் வைத்த பொருள் அல்ல, தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கிற ஊது உலை. ஒருமுறை மூட்டினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக எரிய வேண்டியது அது.

பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். பாகு பதத்துக்கு வந்திருக்கும்போது அடுப்பு அணைந்து, கொப்பரையை இறக்கவும் ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? கொப்பரையோடு இறுகிவிடும். வெல்லமானால் வெந்நீர் ஊற்றிக் கரைக்கலாம். ஊது உலையின் அடியில் தேங்கி இறுகுவது நூற்றுக்கணக்கான டன் இரும்பு. அதை எடுக்கத் துளையிட்டு வெடி வைத்து உடைக்கிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வழி உண்டு. கோக் கரியைக் கூடுதலாகப் போட்டு, காற்றை நிறுத்தி, உலையைக் கனன்றுகொண்டே இருக்கும்படி அடக்கி வைக்கலாம். கிராமத்தில் ராத்திரி அடுப்பில் நெருப்பைச் சாம்பல் போட்டு மூடி வைப்பார்களே, அதேதான். லட்சுமி மிட்டலின் நிறுவனத்துக்குச் சொந்தமான கிரிவி ரிக் ஆலை 2022 மார்ச் தொடக்கத்தில் இதைத்தான் செய்தது. ஏப்ரலில் ஓர் உலையைத் திரும்ப ஓட்டினார்கள். ஆனால் அடக்கி வைத்த நெருப்புக்கும் கெடு உண்டு. சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள்.

நிலக்கரியைக் கோக் கரியாகச் சுடுகிற கோக் அடுப்புகளின் பாடு இன்னும் மோசம். அவற்றின் உட்சுவர் சிலிக்கா செங்கல். சூட்டிலேயே இருக்கும் வரை உறுதியாக நிற்கும், ஆறினால் சுருங்கி விரிசல் விடும். ஆறிய அடுப்பைப் பெரும்பாலும் இடித்துத்தான் கட்ட வேண்டும்.

சிறிய ஊர்களில் பழைய இரும்பை உருக்குகிற மின்தூண்டல் உலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வந்தால் ஓடும், போனால் நிற்கும். போர்க்காலத்தில் சின்னவன் பிழைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அசோவ்ஸ்தால் என்று டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்களே, அது என்ன ஆலை?

மரியுபோல் நகரத்தில் கடலோரமாக இருந்த மாபெரும் எஃகாலை. 1933இல் உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் போய், அவர்கள் பின்வாங்கும்போது சிதைக்கப்பட்டு, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. ஒருமுறை செத்துப் பிழைத்த ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மேயில், ஆலைக்கு அடியில் இருந்த பதுங்கறைகளிலிருந்து கடைசி உக்ரைன் வீரர்கள் வெளியே வந்து சரணடைந்தபோது மேலே சட்டங்களும் சாம்பலும்தான் மிஞ்சியிருந்தன. அதே ஊரிலிருந்த இலிச் ஆலையையும் சேர்த்தால், உக்ரைனின் எஃகுத் திறனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு நகரத்தோடு போயிற்று.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்றும் அங்கே போனது. எஃகு செய்ய ஆக்சிஜன் வேண்டும். காற்றைக் குளிர்வித்துப் பிரித்து எடுப்பார்கள். அப்போது பக்கப் பொருளாகக் கொஞ்சம் நியான் கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தி, சிப் தயாரிக்கும் லேசர் கருவிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தவை மரியுபோலிலும் ஒடெசாவிலும் இருந்த நிறுவனங்கள். உலகத்துக்குத் தேவையான அந்த உயர்தர நியானில் ஏறக்குறைய பாதி உக்ரைனிலிருந்து போனது. இரும்பாலை நின்றதற்காக கம்ப்யூட்டர் சிப் செய்கிறவன் கவலைப்பட்டான்.

சண்டையில் இல்லாத நாட்டு ஆலைகளுக்குப் போர் கொண்டாட்டம்தானே?

கொண்டாட்டம் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு கடன் சீட்டும் உண்டு.

முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் ரயில் பாதை போட ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை 1,500 மைல் தண்டவாளம் அனுப்பியது. 1919இல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு நேரில் போய் நன்றி சொல்லி, சாக்சி என்றிருந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார். இந்த மரியாதை முடிந்து ஐந்தாறு ஆண்டுக்குள், 1924இல், அதே ஆலைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. போர்க்கால விலையை நம்பி விரிவாக்கத்தில் இறங்கியிருந்தார்கள். போர் ஓய்ந்ததும் வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து குவிந்தது. தோராப்ஜி டாடா மனைவியின் ஜூபிலி வைரம் உள்பட சொந்தச் சொத்தை அடகு வைத்துக் கடன் வாங்கினார். அந்த ஆண்டு வந்த காப்பு வரிதான் ஆலையைக் கரை சேர்த்தது.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கிற கல்லை நின்று படித்திருக்கிறீர்களா? இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று பொறித்திருக்கும். ஜாம்ஷெட்பூருக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. நமக்கு எண்ணிக்கை மட்டும்.

உலோகத் தட்டுப்பாடு சாதாரண ஜனங்களை எப்படித் தொடுகிறது?

மடியில் இருக்கிற காசிலேயே தொடும். ஓட்டைக் காலணாவைப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 1943இல் வந்தது. செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் நடுவில் பெரிய துளை போட்டுக் காசையே வளையமாக்கிவிட்டார்கள். அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் வாஷராகப் போட்டிருந்தார். கடையில் வாஷர் வாங்குவதைவிட காசைப் போடுவது மலிவு என்று கணக்குச் சொல்வார். வெள்ளி ரூபாயும் தப்பவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளி இருந்த நாணயம் 1940இல் பாதி வெள்ளியானது. காகித ஒரு ரூபாய் நோட்டே போரின் பிள்ளைதான்: 1917இல் முதல் போருக்காகப் பிறந்து, இடையில் நின்று, 1940இல் அடுத்த போருக்காக மறுபடி வந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. இரண்டாம் போரில் இரும்புக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்தபோது, இந்த வழி முக்கியமான பாதை, அதனால் தப்பித்தது. மதுரை-போடிநாயக்கனூர் பாதை தப்பவில்லை. 1942இல் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் போருக்குக் கொண்டுபோனார்கள். 1953 வாக்கில்தான் திரும்பப் போட்டார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்களிடம் போரின் தேதி கேட்டால் 1939-45 என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அழிந்த எஃகுத் தொழில் மீள எத்தனை ஆண்டு ஆகும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு, நிபந்தனைகளோடு.

ஜப்பான் 1943இல் ஏறக்குறைய 76 லட்சம் டன் எஃகு செய்தது. 1946இல் 6 லட்சம் டன்கூட இல்லை. 1953இல் மறுபடி 76 லட்சம் டன்னைத் தொட்டுவிட்டது. 1960இல் 2.2 கோடி. சோவியத் யூனியன் 1940இல் 1.83 கோடி டன், 1942இல் 81 லட்சம், 1948இல் பழைய அளவைத் தாண்டியாயிற்று. அவர்கள் 1941இல் ஐந்தே மாதத்தில் 1,500க்கு மேற்பட்ட பெரிய ஆலைகளின் இயந்திரங்களைக் கழற்றி, ரயிலில் ஏற்றி, ஆட்களோடு உரால் மலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்விட்டார்கள். போர் முடிந்தபோது தொழில் இரண்டு இடத்தில் இருந்தது.

ஜப்பான் செய்த காரியத்தை நான் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். 1947இல் அவர்களிடம் கரியும் இல்லை, எஃகும் இல்லை. கரி தோண்ட எஃகு வேண்டும், எஃகு உருக்கக் கரி வேண்டும். துணி, வீடு, எல்லாவற்றையும் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இருந்த கரியை எஃகுக்கும் செய்த எஃகைச் சுரங்கத்துக்கும் கொடுத்தார்கள். வந்ததை மறுபடி அப்படியே. கந்துவட்டிக்காரனுக்கு நேர் எதிரான கணக்கு. 1950இல் கொரியப் போர் வந்து அமெரிக்க ஆர்டர்கள் குவிந்ததும் சக்கரம் தானாகச் சுற்றத் தொடங்கியது. அண்டை வீட்டுப் போர் ஒன்று இல்லாமல் அவ்வளவு வேகம் வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜெர்மனிக்கு வேறு தடை. ஜெயித்தவர்கள் 1946இல் ஆண்டுக்கு 58 லட்சம் டன்னுக்கு மேல் எஃகு செய்யக் கூடாது என்றார்கள். நல்ல நிலையிலிருந்த ஆலைகளைக்கூட நட்டஈடாகக் கழற்றி எடுத்துப் போனார்கள். தொழிலாளர்கள் வாசலில் நின்று மறித்தார்கள். பிறகு ரஷ்யா மீதான பயம் கூடக்கூட உச்சவரம்பும் ஏறியது. 1951இல் பிரான்சும் ஜெர்மனியும் இன்னும் 4 நாடுகளும் நிலக்கரியையும் எஃகையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வேர் அதுதான்.

பழைய இயந்திரம் குண்டில் போனதால்தான் புது இயந்திரம் வாங்கி முன்னேறினார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கிறது.

ஜப்பான் முந்தியதற்குக் காரணம் குண்டல்ல, முதலீடு. கவாசாகி நிறுவனம் சிபாவில் கடலைத் தூர்த்த நிலத்தில் புது ஆலை கட்டி 1953இல் உலை மூட்டியது. தாதுக் கப்பல் ஆலை வாசலிலேயே வந்து நிற்கும். சரக்கு ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் தகடாகப் போகும். அது எரிந்த ஆலையின் சாம்பலில் முளைத்ததல்ல, புது இடத்தில் புதுக் கணக்கோடு கட்டியது. குண்டு விழுந்தால் முன்னேற்றம் வரும் என்றால் உலகத்தில் பல நாடுகள் எப்போதோ முன்னேறியிருக்க வேண்டும்.

அப்படியானால் மீள்வதற்கு எதுதான் முக்கியம்?

ஆள். உலையின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்கிறவன், எந்தச் சத்தம் சரியில்லை என்று காதிலேயே தெரிந்துகொள்கிறவன். எங்கள் பட்டறையிலேயே பார்க்கிறேன். ஒரு நல்ல வெல்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டால் அவன் இடத்தை நிரப்ப இரண்டு வருடம் ஆகிறது. மெஷின் வாங்க இரண்டு நாள் போதும்.

ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கட்டடம் இடிந்தது, கைத்திறன் ஊரிலேயே இருந்தது. உக்ரைனில் கவலைக்குரியது இதுதான். ஆலை ஊழியர்கள் போர்முனையில் இருக்கிறார்கள், லட்சக்கணக்கான குடும்பங்கள் வெளிநாட்டில் வேர் விட்டுவிட்டன. சுரங்கத்துக்குள் வேலை செய்யத் தடை இருந்த பெண்கள் இப்போது உள்ளே இறங்குகிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் இரண்டு உலகப் போர்களில் எஃகாலைகளை ஓட்டியது பெண்கள். ஆண்கள் திரும்பியதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சிலை வைக்க 2016 வரை ஆயிற்று.

போர்க்களத்துப் பழைய இரும்பு இங்கே வருகிறதா? வாங்கலாமா?

பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். போர் முடிந்த நாட்டில் முதலில் விற்பனைக்கு வருவது பழைய இரும்புதான். டாங்கி, லாரி, குண்டு ஓடு எல்லாம் கலந்து வரும். 2004 செப்டம்பர் இறுதியில் டெல்லிக்குப் பக்கத்தில் காஜியாபாத்தில் ஓர் எஃகாலையில், இறக்குமதியான பழைய இரும்புக்குள் கிடந்த வெடிகுண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நாட்டின் பல இடங்களில் பழைய இரும்புக் குவியலிலிருந்து குண்டுகள் கிடைத்தன. அப்புறம்தான் கப்பலில் ஏற்றும் முன்பே பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதியை இறுக்கினார்கள்.

உருளை வடிவில், ஒரு முனை கூம்பாகவோ, வால் சிறகோடோ, வாய் மூடியோ எது வந்தாலும் கேஸ் கட்டரை அணைத்துவிட்டு எட்டிப் போங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், நகர்த்த வேண்டாம், வாட்ஸ்அப்புக்குப் படம் எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம். போலீசுக்குச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் விலை பேச வேண்டிய பொருள் அல்ல அது.

இலங்கையின் வடக்கில் என்ன நடந்தது?

மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது மனத்தில் பதிந்தது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்குக்குப் போகக் கூடாத சாமான்களின் பட்டியலில் இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் பேட்டரியும் இருந்தன. 1990இல் வடக்கு ரயில் பாதை நின்றுபோனது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்டார்கள். "ரயில் எங்கள் தலைக்கு மேலே இருந்தது அண்ணை" என்றார் அவர். இந்தியக் கடனுதவியில் நம் ரயில்வே நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாகப் போட்டு, 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போனது. 24 ஆண்டு. ஜப்பானின் எஃகுத் தொழில் முழுதும் மீள 10 ஆண்டு. ஒரே ஒரு பாதைக்கு 24. சண்டை ஓயாதவரை மீட்சிக்கான கணக்கே தொடங்குவதில்லை.

நம் ஊரில் நடந்த போர்கள் இங்கிருந்த உலோகத் தொழிலை என்ன செய்தன?

ஆயுதக் கொல்லர்களுக்குப் போர் சோறு போட்டது, அமைதி பட்டினி போட்டது.

1780இல் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது அதனிடம் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் இருந்தன. அதுவரை காகிதத்திலும் மூங்கிலிலும் செய்தது வாணவேடிக்கை. நல்ல இரும்புத் தகட்டைச் சுருட்டி அடைத்ததால் அழுத்தம் தாங்கியது, தூரம் போனது. காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலப் படை நொறுங்கியது. பிறகு ஆர்க்காடு ஹைதர் வசமானது, வேலூர்க் கோட்டை முற்றுகையைத் தாங்கி நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் அவர் குடும்பத்தை அதே வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போய் காங்கிரீவ் ராக்கெட்டுக்கு முன்மாதிரி ஆயின. 1801 டிசம்பர் அறிவிப்பில் தெற்கே பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது. வேலும் வாளும் செய்துகொண்டிருந்தவனுக்கு மிச்சம் ஏர்க்கொழுவும் அரிவாள்மணையும். அதையும் பிறகு கப்பலில் வந்த மலிவான இங்கிலாந்து இரும்பு பாதி பிடுங்கிக்கொண்டது. அந்தப் பாதிக்குப் போர்மேல் பழி போட முடியாது.

உக்ரைன் எஃகுத் தொழில் மீண்டு எழுமா?

எழும் என்றே நினைக்கிறேன், பழைய உருவத்தில் அல்ல. தாது கிரிவி ரிக் பக்கம் பூமிக்குள் இருக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனது கரியும் கடலோர ஆலைகளும். கரி இல்லாதபோது பழையபடி ஊது உலை கட்டுவதில் பெரிய அர்த்தமில்லை. பக்கத்திலிருக்கிற பெரிய வாடிக்கையாளரான ஐரோப்பிய ஒன்றியமோ கரி எரித்துச் செய்த எஃகுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் வாங்குகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்குகிற மின்வில் உலைதான் வழி. அதற்கு மின்சாரம் தடையில்லாமல் வேண்டும். அங்கே குறிவைத்து அடிபடுவதும் அதே மின்சாரம்தான். வயல்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் கிடக்கிற கண்ணிவெடிகளை எடுப்பது தனி வேலை.

சின்னப் பட்டறைக்காரர்கள் இப்படிப்பட்ட காலத்தில் என்ன செய்வது?

விலைச் சீட்டில் "3 நாள் மட்டும் செல்லும்" என்று எழுதுங்கள். நான் வாலாஜாபேட்டை ஷெட்டுக்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். அட்வான்ஸ் வந்த அன்றே இரும்பை வாங்கிப் போட்டுவிடுங்கள். ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு அடுக்காதீர்கள். 2022 மேயில் வரி வந்தபோது அப்படி அடுக்கியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓட்டைக் காலணா இருக்கிறது. நல்ல விலை போகுமா?

இதைக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. போகாது. கோடிக்கணக்கில் அடித்த காசு அது, தேய்ந்ததற்கு விலையே இல்லை. லட்சம் தருகிறோம் என்று போனில் வருகிறவர்கள் உங்களிடம் முன்பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், இருக்கிற கொஞ்ச மதிப்பும் போய்விடும். எங்கள் வீட்டில் இருந்த மூன்றில் ஒன்று இன்னும் தாத்தாவின் வண்டிக் கடையாணிப் பக்கம்தான் இருக்கிறது. துருப்பிடிக்கவில்லை.